பழைய கேம்பர் வானைக் கையில் உள்ள காசுக்குள் திருத்துவது: கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு

உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் போகும் என் கேம்பர் வானுக்கு நான் முதலில் வாங்கியது திரைச்சீலை. புறக்கோட்டையில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது, அம்மா தைத்துத் தந்தார். அப்புறம் மெத்தை, அதன் பிறகு சின்னதாக ஒரு அலமாரி. ஒக்டோபரில் பின்னேரங்களில் இடியோடு மழை தொடங்கியதும் கூரையின் பின்மூலையால் தண்ணீர் இறங்கி மூன்றையும் நனைத்தது. அலமாரிப் பலகை உப்பிப் பிளந்தது. அதைக் கழற்றியபோதுதான் பின்னாலிருந்த தகடு விரலால் அழுத்தினாலே உதிரும் அளவுக்குக் கறள் பிடித்திருந்தது தெரிந்தது. ஒரே வேலையை இரண்டு தடவை செய்தேன், இரண்டு தடவை காசு கொடுத்தேன்.

அதனால்தான் இங்கே வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். வண்டி சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். சூடேறாமல் மலை ஏற வேண்டும். மழையில் உள்ளே நனையக் கூடாது. இந்த மூன்றும் முடியும்வரை உள்ளே ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். கையிலுள்ள காசில் பாதியை இந்த மூன்றுக்கும் எடுத்து வையுங்கள். இன்னொரு காற்பங்கைத் தொடாமல் வையுங்கள், பழைய வண்டி அதைக் கட்டாயம் கேட்கும். மிஞ்சும் காற்பங்கில்தான் மின்சாரம், தண்ணீர், படுக்கை எல்லாம்.

தொழிற்சாலையிலிருந்தே வீடாகச் செய்து வரும் பெரிய வண்டிகள் இங்கே அரிது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய ஜப்பான் வான்கள். நாங்கள் டொல்பின் என்று சொல்லும் டொயோட்டா ஹையேஸ், நிஸான் கரவன், கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் மிட்சுபிஷி ரோசா அல்லது டொயோட்டா கோஸ்டர். யாரோ ஒருவர் எப்போதோ பின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டிருப்பார், சிங்க் ஒன்று வைத்திருப்பார். என்னுடையதும் அப்படித்தான் வந்தது, தொண்ணூறுகளில் செய்த உயர்கூரை டொல்பின். கீழே உள்ளவை அதை வைத்துக் கற்றவை. மற்ற வான்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வாங்கும் முன்

காலையில் போங்கள். விற்பவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்: "அண்ணா, நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்." குளிர்ந்த டீசல் எஞ்சின் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. நிற்காமல் வந்தால், அல்லது நீலப் புகை வந்தால், எஞ்சினுக்குள் பெரிய செலவு இருக்கிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. அக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கறுப்பாக வந்தால் பெரும்பாலும் இன்ஜெக்டர், பம்ப் அல்லது அடைத்துப்போன ஏர் ஃபில்டர். அது திருத்தக்கூடியது.

ஃபிரிஜ்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, படி, கூரை ஓரத்துத் தண்ணீர்க் கால்வாய், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள் என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, புட்டிதான் இருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடலோரமாக நின்ற வண்டி என்றால் அடிப்பக்கத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். உப்புக்காற்று தகட்டைக் கீழிருந்து தின்னும். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாடை இருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, எத்தனை வாசனைத் திரவியம் அடித்திருந்தாலும் சரி.

இன்னொன்றையும் கேளுங்கள்: எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது? 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பல வண்டிகள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தன. அப்படிக் கிடந்த வண்டியின் டீசல் டாங்கியில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கலாம், டயர்கள் தரையில் பட்ட பக்கம் தட்டையாகியிருக்கலாம். வாங்கக் கூடாது என்பதில்லை. விலை பேசும்போது இதைக் கணக்கில் எடுங்கள்.

பத்திரங்களை எஞ்சினைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். லீசிங் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைகளைக் கழற்றியது, கூரையை உயர்த்தியது, எஞ்சினை மாற்றியது, நிறத்தை மாற்றியது எதுவானாலும் பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். நீங்கள் புதிதாக அப்படி ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால், வேலை தொடங்கும் முன் நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லி எழுத்தில் வாங்கி வையுங்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆகவே கறுப்புப் புகையை எப்படியும் நீங்கள் தீர்த்துத்தான் ஆக வேண்டும்.

முதல் வேலை: நிற்பது

கேம்பர் வான் எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டி. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 60 லீட்டர் தண்ணீர், இரண்டாவது பட்டரி, கட்டில், அலமாரி, எரிவாயு, சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் நான்கைந்து பேர் இறங்காமல் கூடவே வருவது போலத்தான். அந்தப் பாரத்தோடு நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது பிரேக் எவ்வளவு சூடேறும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்த பிறகு அது 140 பாகை வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. ஒயிலை முழுவதுமாக மாற்றி, காற்றெடுத்துப் புதிதாக நிரப்பும் செலவு ஒரு நாள் ஹோட்டல் செலவுக்குள் அடங்கும். வாங்கியவுடன் செய்யுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அதே நேரத்தில் சக்கரத்துக்குப் போகும் றப்பர் பிரேக் குழாய்களை வளைத்துப் பாருங்கள். மேலே வெடிப்புத் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பின் டிரம்மைத் திறந்து சிலிண்டர் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரில் பூ எவ்வளவு இருக்கிறது என்பதோடு அதன் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஏழெட்டு வருடம் தாண்டிய டயர் பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் பாரத்தோடு வெயிலில் ஓட்ட நான் துணிய மாட்டேன். கார் டயரைப் போட்டுவிடாதீர்கள். பாரம் தாங்கும் வான் டயரையே கேட்டு வாங்குங்கள். காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வையுங்கள்.

இரண்டாவது: சூடேறாமல் ஓடுவது

இந்த டொல்பின்களில் வருவது பெரும்பாலும் டொயோட்டாவின் 3எல் என்ற 2.8 லீட்டர் டீசல் எஞ்சின், அல்லது பிந்தியவற்றில் 5எல் என்ற 3 லீட்டர் எஞ்சின். ஒயில் ஒழுங்காக மாற்றினால் நீண்ட காலம் உழைக்கும். அதிகச் சூட்டை மட்டும் தாங்காது, சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிடும். அப்புறம் உங்கள் முழு பட்ஜெட்டும் அதற்கே போய்விடும்.

பல வண்டிகளில் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றி வந்திருப்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கையில் ஒருபோதும் திறக்க வேண்டாம். தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தால் உள்ளே கறள் படிந்திருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, மேல் கீழ் றப்பர் ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் மாற்றி, கூலன்ட் நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் எல்லாக் கராஜிலும் இருப்பார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் சரியான சூட்டில் ஓடினால்தான் டீசலும் மிச்சப்படும், எஞ்சினும் தேயாது.

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. முந்தைய உரிமையாளர் "மாற்றியாச்சு" என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். மாற்றும்போது அதன் டென்ஷனர் பேரிங்கையும் முன்பக்க ஒயில் சீல்களையும் சேர்த்தே மாற்றினால் கூலி ஒரு தடவைதான்.

உதிரிப்பாகம் வாங்கும்போது

கொழும்பில் இருப்பதன் பெரிய வசதி பஞ்சிகாவத்தைதான். இந்த வான்களுக்கு அங்கே கிடைக்காத பாகம் அரிது. பழுதான பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், அத்தோடு செசி இலக்கத்தின் படமும் ஃபோனில் இருக்கட்டும். மூன்று கடையிலாவது விலை கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும். கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "நானா, இது ஜெனுவினா, ரீகண்டிஷனா, பாவித்ததா?" மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானோர் நேராகச் சொல்வார்கள். ஒருமுறை நான் விலை உயர்ந்ததைக் கேட்டபோது, "தம்பி, உங்க வண்டிக்கு இது தேவையில்ல, அந்தக் கடையில பாவிச்சது எடுங்க" என்று எதிர்க்கடையைக் காட்டி அனுப்பியவரும் உண்டு. அவரிடமே இன்றும் வாங்குகிறேன்.

எதைப் பாவித்ததாக வாங்கலாம்? கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை, பம்பர், மிரர், யன்னல் பூட்டு. ஸ்டார்ட்டரும் ஓல்டர்னேட்டரும் கூட, கடையிலேயே சோதித்துக் காட்டினால். எதைப் புதிதாக மட்டும் வாங்க வேண்டும்? பிரேக்கில் உள்ள அனைத்தும், டைமிங் பெல்ட், ஸ்டியரிங் மூட்டுகள், டயர், எரிவாயுக் குழாய். இந்தப் பட்டியலில் பேரம் பேசலாம், தரத்தைக் குறைக்க வேண்டாம்.

கராஜில் வேலை கொடுக்கும்போது கூலியையும் பாகத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பாஸ் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நிறையக் கற்கலாம், அடுத்த தடவை நீங்களே செய்யக்கூடியவையும் தெரியவரும்.

மூன்றாவது: ஒழுக்கும் கறளும்

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். பொறுமை இருந்தால் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம், காசும் குறைவாகவே போகும். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு காய்ந்த காலம். சீல் செய்வதையும் பெயின்ட் அடிப்பதையும் அந்த மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். உள் சீலிங், பக்கப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருவர் டோர்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். மற்றவர் தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் யன்னலின் கீழ் விளிம்பு, பத்து நிமிடம். பிறகு பக்கம். பிறகு மேல் விளிம்பு. கடைசியில்தான் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி, எது வழி என்று தெரியாமல் போய்விடும். தண்ணீர் உள்ளே சொட்டும் இடமும் அது நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். என் வானில் கட்டிலின் மேல் சொட்டிய தண்ணீர், ஒன்றரை மீற்றர் முன்னால் ஏரியல் பூட்டிய துளையால் நுழைந்து தகட்டு மடிப்பு வழியாக ஓடி வந்தது. கண்ட இடத்தையெல்லாம் மார்க்கரால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது பழைய சிலிக்கனைச் சுரண்டி எடுப்பது. முன்பிருந்தவர் ஒழுக்கின் மேல் சிலிக்கன், அதன் மேல் இன்னும் சிலிக்கன் என்று பூசியிருப்பார். பழைய சிலிக்கனின் மேல் புதியது ஒட்டாது, பெயின்ட்டும் பிடிக்காது. பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்து, தின்னரால் துடைத்து, சுத்தமான தகடு தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை. சலிப்பான வேலைதான். ஆனாலும் இதில் அவசரப்பட்டால் அடுத்த மழையில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

மூட்டுகளுக்குச் சிலிக்கனை விட பொலியூரித்தேன் சீலன்ட் நல்லது. தகட்டோடு நன்றாக ஒட்டும், வண்டி குலுங்கும்போது வளைந்து கொடுக்கும், மேலே பெயின்ட் அடிக்கலாம். நம் வெயிலில் மூடாமல் விட்டால் காலப்போக்கில் வெடிக்கும் என்பதால் பெயின்ட் கட்டாயம் அடியுங்கள். யன்னல் சட்டத்தையும் கூரைக் காற்றுத் துவாரத்தையும் கழற்றி மாட்டுவதென்றால் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பியூட்டைல் டேப் வையுங்கள். அது காய்ந்து இறுகாது, பின்னர் கழற்றவும் எளிது.

ஃபைபர் உயர்கூரையில் மயிர்க்கோடு போல வெடிப்புகள் இருந்தால் பயப்பட வேண்டாம். முகத்துவாரம், நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் வேலை செய்பவர்களுக்கு இது சாதாரண வேலை. வாகனத் தகட்டு வேலை செய்யும் இடத்தில் கேட்டதைவிட எனக்குக் குறைவாகவே முடிந்தது.

கறளுக்கு ஒரே வழி, நல்ல தகடு தெரியும்வரை சுரண்டுவதுதான். கம்பித் தூரிகையால் உதிர்வதையெல்லாம் உதிர்த்து, ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். குத்தினால் உள்ளே போகிறது என்றால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். அது டிங்கரிங் பாஸின் வேலை. புட்டியால் மூட அவருக்கு மனம் வந்தாலும் நீங்கள் சம்மதிக்க வேண்டாம். குத்தும்போது கெட்டியாக இருந்தால் நீங்களே செய்யலாம்: பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றியைப் பூசி, காய்ந்ததும் எபொக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பெயின்ட். கதவுக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் எட்டாத இடங்களுக்கு மெழுகு ஸ்ப்ரே. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். மண்ணால் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறவுங்கள். கதவின் அடி உக்குவதற்குப் பாதிக் காரணம் இந்தத் துளைகள் அடைபடுவதுதான்.

முடிந்ததும் உள் பலகைகளை உடனே பூட்டாதீர்கள். இரண்டு நல்ல மழையாவது பெய்யட்டும். உள்ளே காய்ந்த துணியால் ஒவ்வொரு மூலையாகத் துடைத்துப் பாருங்கள்.

மின்சாரம்: கணக்குப் போட்ட பிறகு வாங்குங்கள்

இதில்தான் புதியவர்கள் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். ஒரு தாளை எடுத்து ஒரு நாளைக்கு எது எவ்வளவு நேரம் ஓடும் என்று எழுதுங்கள். 5 வாட் எல்ஈடி விளக்கு மூன்று, 4 மணி நேரம்: 60 வாட்-மணி. 20 வாட் மின்விசிறி, இரவு 8 மணி நேரம்: 160. ஃபோன் இரண்டு: 30. மொத்தம் 250. பட்டரி பன்னிரண்டு வோல்ட் என்பதால் 12ஆல் வகுத்தால் இது சுமார் 21 அம்பியர்-மணி. இதோடு 45 வாட் கம்பிரசர் ஃபிரிஜ் ஒன்று சேர்த்து, நம் வெப்பத்தில் அது நாளில் 11 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். இன்னும் 500 வாட்-மணி ஏறி, மொத்தம் 62 அம்பியர்-மணிக்கு மேல் போகும்.

ஈயப் பட்டரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே 100 அம்பியர்-மணி பட்டரியில் உங்களுக்குப் பயன்படுவது 50. ஃபிரிஜ் இல்லாமல் அது இரண்டு இரவு தாங்கும். ஃபிரிஜ்ஜோடு ஒரு நாள்கூட முழுதாகத் தாங்காது. கூரையில் 100 வாட் சோலார் பலகை ஒன்று வைத்தால், ஐந்து மணி நேர நல்ல வெயிலில், இழப்புகள் போக 350 வாட்-மணி அளவில் வரும். ஃபிரிஜ் இல்லாத தேவைக்கு அது தாராளம். கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகைதான் தள்ளியிருக்கிறது என்பதால் பலகையைச் சாய்த்து வைக்கும் சட்டத்துக்கெல்லாம் செலவழிக்க வேண்டாம், கூரையில் தட்டையாகவே இருக்கட்டும். தூசியையும் காக எச்சத்தையும் மட்டும் வாரம் ஒரு தடவை துடையுங்கள்.

ஆகவே முதல் வருடம் ஃபிரிஜ் வேண்டாம் என்பது என் எண்ணம். தடித்த ரிஜிஃபோம் பெட்டியும், மீன் சந்தையில் வாங்கும் ஐஸ் கட்டியும் இரண்டு நாள் பாலையும் காய்கறியையும் காக்கும். காசு சேர்ந்த பிறகு ஃபிரிஜ், அதற்கேற்ற பெரிய பட்டரி, இன்னொரு பலகை என்று மூன்றையும் ஒன்றாக ஏற்றுங்கள்.

இரண்டாவது பட்டரியை வண்டிப் பட்டரியோடு நேராக இணைக்கக் கூடாது. நடுவில் வோல்ட் அறிந்து திறந்து மூடும் ரிலே வேண்டும். இல்லாவிட்டால் இரவு மின்விசிறி ஓடியதில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. லித்தியம் பட்டரி போடுவதென்றால் ரிலே போதாது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பட்டரி இழுக்கும் மின்னோட்டம், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றும் பழைய ஓல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

வயர் தடிப்பையும் கணக்கிட்டே வாங்குங்கள். பன்னிரண்டு வோல்ட்டில் அரை வோல்ட் இழப்பும் பெரிது. 5 அம்பியர் எடுக்கும் கருவி பட்டரியிலிருந்து 5 மீற்றர் தள்ளி இருந்தால் போகவர 10 மீற்றர் வயர். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.58 வோல்ட் போய்விடும், 4 சதுர மில்லிமீற்றரில் 0.22 மட்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயர் வாங்கும்போது வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், பல இழை உள்ள வாகன வயரைக் கேளுங்கள். ஓடும் வண்டியில் ஒற்றைக் கம்பி குலுங்கி முறியும். பட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பிரதான பியூஸ், அதன் பிறகு ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பியூஸ். வயர் தகட்டைக் கடக்கும் துளை ஒவ்வொன்றிலும் றப்பர் வளையம். இந்த மூன்றையும் செய்யாத வானில் தூங்க வேண்டாம்.

எரிவாயு

2.3 கிலோ அல்லது 5 கிலோ சிலிண்டர் போதும். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். வான் தரை நான்கு பக்கமும் மூடிய தொட்டி போன்றது. அதனால் சிலிண்டரை, வானின் உட்பக்கத்துக்குக் காற்றுப் புகாதபடி அடைத்த தனிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை ஒன்று விடுங்கள். குழாயில் அச்சிட்ட திகதியைப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், நெருப்புக்குச்சியால் ஒருபோதும் சோதிக்க வேண்டாம். ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். அடுப்பு எரியும்போது இரண்டு யன்னலாவது திறந்திருக்க வேண்டும். முடிந்தால் கதவைத் திறந்து வெளியே வைத்துச் சமைப்பதே நல்லது. ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பானைக் கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

தண்ணீர்

எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கின் கீழ் உணவுத் தரக் கான்கள் இரண்டு, ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று கழிவுக்கு. சின்ன 12 வோல்ட் பம்ப் அல்லது காலால் மிதிக்கும் பம்ப். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரசாயனம் வந்த பீப்பாயை வாங்காதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் சரி.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. டெங்கு. கழிவுக் கான், கூரை ராக்கின் மடிப்பு, ஸ்பேர் சக்கரக் குழி எங்கே தண்ணீர் தேங்கினாலும் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பு வந்துவிடும். வண்டி வீட்டில் நிற்கும் வாரங்களில் கான்களைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். எல்லா யன்னலுக்கும் வலை போடுங்கள், அது இந்த வண்டியில் போடும் மிகப் பயனுள்ள இருநூறு முந்நூறு கிராம் பாரம்.

உள்ளே

இப்போது திரைச்சீலை வாங்கலாம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் 9 அல்லது 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட், சீலிங்குக்குப் பாரமில்லாத லுணுமிதெல்ல மரப் பட்டிகள். மொறட்டுவையில் தச்சு வேலைக்காரர்கள் அளவைக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் அடிக்க மறக்காதீர்கள், ஈரம் அங்கேதான் நுழையும். கூரைத் தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் மினுங்கும் தாள் ஒட்டிய ஃபோம் ஒரு அடுக்கு வைத்தால் மதிய வெக்கை நன்றாகக் குறையும். வெளிக்கூரைக்கு வெள்ளைப் பெயின்ட்.

எல்லாத் தளபாடமும் வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். திருகாணி மட்டும் போதாது. திடீர் பிரேக்கில் அலமாரி முன்னால் பறந்து வரும். தண்ணீரும் பட்டரியும் ஒரே பக்கத்தில் சேராமல் இடம் வலமாகப் பிரித்து, கூடுமானவரை தரையோடு, அச்சுகளுக்கு நடுவில் வையுங்கள்.

முதல் பயணம்

முதல் இரவை வீட்டு முற்றத்திலோ கராஜ் வாசலிலோ வானுக்குள்ளேயே தூங்குங்கள். சமையுங்கள், கைகழுவுங்கள், மின்விசிறியை விடிய விடிய ஓட விடுங்கள். காலையில் பட்டரி வோல்ட்டைப் பாருங்கள். ஓய்வில் 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. எது எட்டவில்லை, எது இடித்தது, எது சத்தம் போட்டது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இரண்டாவது, நீர்கொழும்பு வரை. ஏதாவது நடந்தாலும் பின்னேரத்துக்குள் பஸ்ஸில் வீடு வந்துவிடலாம். திரும்பி வந்ததும் சக்கரங்களுக்கு அருகில் கையை வைத்துப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றை விடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது. கீழே பெரிய அட்டை ஒன்றை விரித்து, இரவு முழுக்க விட்டு, காலையில் எங்கே எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, முழுப் பாரத்தோடு கடுகண்ணாவை. ஏறும்போது சூட்டுமானியின் முள்ளை மட்டும் பாருங்கள். முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓட விட்டு, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். இந்த மூன்று பயணத்திலும் கொப்பியில் விழுந்தவற்றைத் தீர்த்த பிறகு, கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணம்வரையான சுமார் 400 கிலோமீற்றர் இந்த வண்டிக்கு ஒரு பகல் ஓட்டம். நான் முதல் தடவை போனபோது மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, தொட்டு, மோந்து, குனிந்து பார்த்தேன். நான்கு சக்கரமும் ஒரே சூடு, கீழே ஒரு சொட்டு இல்லை. ஆவணி மழையொன்று வழியில் பிடித்திருந்தது. கட்டிலில் கை வைத்தேன், காய்ந்தே இருந்தது.